சூரிய ஒளியாற் கிணற்று நீர் இறைத்தல்

கமத்தொழிலுக்கு நிலமும் நீரும் சூரிய ஒளியும் இன்றியமையாதன. இம்மூன்றனுள் ஒளி ஒன்றே விலையின்றி எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பது. பயிர்கள் தம் இலைகளின் வாயிலாக இவ்வொளியைப் பெற்று உணவாக்குகின்றன என்பதைக் கமக்காரர் அறிவர். அதே ஒளியைக் கண்ணாடிப் பலகையொன்றிற் படச்செய்து மின்சாரம் பெற்று, அம்மின்சாரத்தைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் முறை இப்போது நம் தோட்டங்களிற் பரவி வருகின்றது.

இம்முறையை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது, மண்ணெண்ணெய் இயந்திரத்தை நம்பியிருந்தோர் பட்ட இடர் எல்லோரும் அறிந்ததே. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. கிணற்றில் நீர் இருந்தும் அதனை மேலே கொண்டுவர வழியின்றிப் பயிர் வாடுமாயின், அதனிலும் பெரிய நட்டம் வேறில்லை. சூரியப் பலகை உள்ள தோட்டத்திற்கு இவ்விடர் இல்லை.

எனினும், பலகையை வாங்குமுன் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலத்தில், மனிதனுடைய உடற்பலமே இறைப்பிற்கு எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்தபின் எண்ணெயின் விலை அவ்வெல்லையாயிற்று. சூரியப் பலகைக்கோ, ஒருமுறை பணம் செலுத்தியபின் நாளாந்தச் செலவு ஏதும் இல்லை. ஆகவே இறைப்பதை நிறுத்தும்படி கூறுவதற்கு இனி எவரும் எதுவும் இல்லை. கிணற்றின் ஊற்றோ முன்போல் அளவுடையதாகவே இருக்கின்றது. அவ்வெல்லையை இனிக் கமக்காரர் தாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். பலகையின் அமைப்பு, அது தொழிற்படும் விதம், அதனைக் கிணற்றிற்கு ஏற்பத் தெரிவுசெய்யும் கணக்கு ஆகியவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. பலகை எதனால் ஆனது?

சூரியப் பலகையின் உயிர்நாடி சிலிக்கன் என்னும் மூலகமாகும். இது அருமையான பொருளன்று. வெண்மணலிலும் படிகக் கல்லிலும் இது ஒட்சிசனுடன் சேர்ந்து நிறைய உண்டு. படிகக் கல்லைக் கரியுடன் சேர்த்து மின்னுலையில் உருக்கிச் சிலிக்கனைப் பிரித்தெடுப்பர். பின்னர் அதனைப் பன்முறை தூய்மைப்படுத்தி, 99.9999 சதவீதத்திற்கும் மேற்பட்ட தூய்மையுடையதாக்குவர்.

தூய சிலிக்கன் ஏறக்குறைய 1,414 பாகை செல்சியசில் உருகும். உருகிய குழம்பில் ஒரு சிறு பளிங்குத் துண்டைத் தோய்த்துச் சுழற்றியவாறு மெல்ல மெல்ல மேலே இழுக்கும்போது, அது திரண்டு தூண் போன்ற ஒற்றைப் பளிங்காக வளரும். அத்தூணை நுண்ணிய கம்பிகளால் அறுத்து மெல்லிய வில்லைகளாக்குவர். ஒரு வில்லையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கை விடக் குறைவானது. இது எளிதில் நொறுங்கக்கூடியது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இவ்வில்லையின் ஒரு பக்கத்தில் மிகச் சிறிதளவு பொஸ்பரசையும், மறுபக்கத்தில் போரன் போன்ற மூலகத்தையும் ஊட்டுவர். ஒளி தெறித்து வீணாகாமல் உள்ளே செல்வதற்காக மேற்பரப்பில் ஒரு மென்படலம் பூசுவர். பலகைக்குக் கருநீல நிறத்தைத் தருவது இப்படலமே. மின்னைத் திரட்டுவதற்காக முகப்பில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் பதிக்கப்படும். இவ்வாறு அமைந்த வில்லையே சூரியக்கலம் எனப்படும்.

2. ஒளி மின்னாகும் விதம்

சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் தன் வெளி ஓட்டில் 4 இலத்திரன்களை உடையது. பொஸ்பரசு அணுவிற்கு 5 உண்டு. போரன் அணுவிற்கு 3 மட்டுமே. ஆகவே ஒரு பக்கத்தில் இலத்திரன் மிகுதியும் மறுபக்கத்தில் குறையும் ஏற்படுகின்றன. இவ்விரு பக்கங்களும் கூடும் எல்லையில் ஒரு மின்தடுப்பு உருவாகின்றது.

நீரிறைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயின் அடியிலே ஒரு வால்வு பொருத்தப்பட்டிருப்பதைக் கமக்காரர் அறிவர். அது நீரை மேலே செல்லவிடும், கீழே திரும்பவிடாது. சூரியக்கலத்தின் உள்ளேயுள்ள எல்லையும் அவ்வாறே தொழிற்படுகின்றது. ஒளி சிலிக்கனிற் படும்போது இலத்திரன்கள் தம் இடத்திலிருந்து விடுபடுகின்றன. விடுபட்டவற்றை அவ்வெல்லை ஒரே திசையிற் செலுத்துகின்றது. அவை வந்த வழியே திரும்ப முடியாமையால், வெளியே உள்ள கம்பியினூடாகச் சுற்றிவந்தே மறுபக்கத்தை அடைதல் வேண்டும். இவ்வோட்டமே மின்னோட்டம். அது செல்லும் வழியில் ஒரு மோட்டாரை வைத்தால் மோட்டார் சுழலும்.

இச்செயலில் எதுவும் எரிவதில்லை, எதுவும் தேய்வதில்லை, அசையும் உறுப்பும் இல்லை. ஆகவேதான் நல்ல பலகைகளுக்கு உற்பத்தியாளர் 25 ஆண்டுக் காலம் உத்தரவாதம் அளிக்கின்றனர். இதற்கு வேண்டுவது வெப்பமன்று, ஒளியே என்பதை மனத்திற் கொள்க. பலர் கருதுவதுபோல் வெயிலின் சூடு மின்னை மிகுவிப்பதில்லை. மாறாக அதனைக் குறைக்கின்றது.

ஒளிபட்டு மின் உண்டாகும் உண்மையைப் பிரான்சு தேசத்து அறிஞர் எட்மன் பெக்கரல் 1839 ஆம் ஆண்டிற் கண்டார். பயன்படத்தக்க சிலிக்கன் கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர் 1954 ஆம் ஆண்டில் ஆக்கினர். அது தன்மேற் பட்ட ஒளியில் 6 சதவீதத்தையே மின்னாக மாற்றியது. இன்று சந்தையிலுள்ள நல்ல பலகைகள் 20 சதவீதத்திற்கு மேல் மாற்றுகின்றன.

3. கலங்கள் பலகையாதல்

ஒரு கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ற்று மின்னழுத்தமே. ஆகவே பல கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செப்புப் பட்டிகளால் இணைத்துத் தொடராக்குவர். கலங்களின் மேலும் கீழும் ஒளி ஊடுருவும் பிசின் தாள்களை வைத்து, முகப்பில் வலுவூட்டிய கண்ணாடியையும் முதுகில் ஈரம் புகாத தாளையும் அமைத்து, சூடேற்றி அழுத்தி ஒன்றாக்குவர். சுற்றிலும் அலுமினியச் சட்டம் பொருத்தப்படும். முதுகிலுள்ள சிறு பெட்டியிலிருந்து நேர், எதிர் என இரு கம்பிகள் வெளிவரும்.

கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதன் விளைவைக் கமக்காரர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். நீண்ட வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைபடுமாயின், அவ்விடத்தில் எவ்வளவு நீர் செல்லுமோ அவ்வளவே கடைசி வயலுக்குங் கிடைக்கும். அவ்வாறே, ஒரு கலத்தின்மேல் நிழல் விழுமாயின், அத்தொடர் முழுவதிலும் மின்னோட்டம் குன்றும். அன்றியும், நிழல்பட்ட கலம் சூடேறிக் கருகவும் கூடும். இதனைத் தவிர்ப்பதற்காகப் பலகையின் பின்பெட்டியில் மாற்றுவழி உறுப்புகள் பெரும்பாலும் மூன்று வைக்கப்பட்டிருக்கும். அவை நிழல்பட்ட பகுதியை விலக்கி எஞ்சியவற்றைத் தொழிற்படச் செய்யும். இருந்தும் பலகையின் மூன்றிலொரு பங்கு மின் இழக்கப்படும். ஒரு பனையோலையின் நிழல் இத்தகைய நட்டத்தை உண்டாக்கப் போதும்.

4. பலகையிற் பொறித்த எண்ணின் பொருள்

பலகையின் பின்புறத்தில் 400 வாற்று என்று பொறிக்கப்பட்டிருந்தால், அது எந்நேரமும் 400 வாற்று தரும் என்று கருதலாகாது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1,000 வாற்று ஒளி படும்போது, கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியசாக இருக்குமாயின் அது தரும் அளவே அவ்வெண். நமது நாட்டில் நண்பகலிற் பலகையின் வெப்பநிலை 60 பாகையை எட்டக்கூடும். 25 பாகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைவதாகக் கொண்டால், 35 பாகைக்கு 12 சதவீதம் குறையும். ஆகவே 400 வாற்றுப் பலகை கடும் வெயிலில் 350 வாற்றளவே தரும். பலகையின் பின்புறம் காற்றோட்டம் இருக்கும்படி அமைப்பது இதனாலேயே அவசியமாகின்றது.

காலையிலும் மாலையிலும் ஒளி மெலிதாகவும் நண்பகலில் வலிதாகவும் இருக்கும். ஒரு நாளில் விழும் ஒளி முழுவதையும் உச்சி வெயிலின் அளவாகக் கூட்டிப் பார்த்தால், உலர் வலயத்தில் வானம் தெளிந்த நாளொன்றிற்கு ஏறக்குறைய 5 மணித்தியாலம் எனக் கொள்ளலாம். கீழ்வருங் கணக்கில் இவ்வெண்ணே கையாளப்படுகின்றது.

5. முதலிற் கிணற்றை அளந்தறிக

எத்தனை பலகை வேண்டும் என்று கேட்குமுன், கிணறு எவ்வளவு தரும் என்பதை அறிதல் வேண்டும். இதனைக் கமக்காரர் தாமே அளந்தறியலாம். நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் ஆகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களே இதற்கு ஏற்றவை. மாரியில் அளந்த கிணறு கோடையில் ஏமாற்றும்.

அதிகாலையிற் கிணற்றுக் கட்டில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் அரை மீற்றர் வரை நீரை இறைத்து நிறுத்துக. ஒரு மணித்தியாலத்தில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதை அளந்து பார்க்க. கிணறு வட்டமாகவும் 3 மீற்றர் குறுக்களவு உடையதாகவும் இருப்பின், அதன் வாய்ப்பரப்பு 7 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். எனவே ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயர்வும் 70 லீற்றர் நீரைக் குறிக்கும். ஒரு மணித்தியாலத்தில் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தால், ஊற்று மணிக்கு 2,100 லீற்றர் தருகின்றது எனலாம்.

இவ்வெண்ணை எழுதி வைத்துக்கொள்க. பலகை விற்போர் கூறும் எந்த எண்ணிலும் இதுவே முதன்மையானது. மறுநாட் காலையில் நீர்மட்டம் முதல்நாட் குறியை மீண்டும் அடைந்துள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். அடையாவிடின், இறைத்த அளவு கிணற்றுக்கு மிகையாயிற்று என்பது பொருள்.

6. தேவையைக் கணக்கிடும் முறை

4 பரப்பு, அதாவது கால் ஏக்கர் நிலத்தில் வெங்காயமோ மிளகாயோ செய்வதாகக் கொள்வோம். கால் ஏக்கர் என்பது ஏறக்குறைய 1,012 சதுர மீற்றர். கோடையிற் பயிருக்கு நாளொன்றிற்கு 6 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொண்டால், அது 6,000 லீற்றருக்குச் சற்று மேலாகும். வாய்க்காலில் உறிஞ்சப்படுவதையும் பாத்தியில் வீணாவதையும் சேர்த்து 10,000 லீற்றர் எனக் கொள்வோம்.

இந்நீரைக் கிணற்றிலிருந்து 6 மீற்றர் உயர்த்தவேண்டும். குழாயின் உராய்வையும் தொட்டியின் உயரத்தையும் 2 மீற்றர் எனச் சேர்த்தால் 8 மீற்றர். ஆயிரம் லீற்றர் நீரைப் பத்து மீற்றர் உயர்த்த 27 வாற்று மணி வலு தேவை. அவ்வாறாயின் 10,000 லீற்றரை 8 மீற்றர் உயர்த்த ஏறக்குறைய 218 வாற்று மணி தேவை.

பம்பியும் மோட்டாரும் தாம் பெறும் மின்னில் நூற்றுக்கு நாற்பதையே நீரை உயர்த்தப் பயன்படுத்துகின்றன எனக் கொண்டால், 545 வாற்று மணி மின் வேண்டும். வெப்பத்தாலும் தூசாலும் கம்பியாலும் கால் பங்கு இழக்கப்படுமாயின், பலகை தரவேண்டியது 727 வாற்று மணி. இதனை 5 மணித்தியாலத்தாற் பிரித்தால் 145 வாற்று வரும். மேகமூட்டமான நாட்களையும் தரங்குறைந்த பம்பியையும் எண்ணி இதனை இருமடங்காக்கினாலும் 300 வாற்று அளவே ஆகும்.

ஆகவே கால் ஏக்கர் மரக்கறித் தோட்டத்திற்கு ஒரேயொரு பலகை போதும். இதனைக் கேட்டு வியப்படைவோர் பலர். ஒரு பலகை போதுமான இடத்தில் ஆறு பலகைகளை வாங்குவதனால் வீணாவது பணம் மட்டுமன்று. மிகுந்த பலகை மிகுந்த நீரை இறைக்கும், மிகுந்த நீர் உரத்தைக் கழுவி நிலத்தடிக்குக் கொண்டுசெல்லும், கிணறும் வற்றும்.

மேற்கண்ட பம்பி 5 மணித்தியாலத்தில் 10,000 லீற்றர், அதாவது மணிக்கு 2,000 லீற்றர் இறைக்கும். நாம் அளந்த கிணற்றின் ஊற்றோ மணிக்கு 2,100 லீற்றர். இரண்டும் ஒத்திருத்தலைக் காண்க. ஆனால் 2 அங்குல மண்ணெண்ணெய் இயந்திரம் மணிக்கு 20,000 லீற்றருக்கு மேல் இறைக்கவல்லது. அது அரை மணித்தியாலத்திற் கிணற்றை அடிவரை தாழ்த்திவிடும். மெல்ல இறைத்தல் சிறிய சூரியப் பம்பியின் குறையன்று. அதுவே அதன் சிறப்பாகும்.

7. மின்னைச் சேமிப்பதிலும் நீரைச் சேமித்தல் நன்று

மெல்ல வரும் நீரை நேரே வாய்க்காலில் விட்டால், அது பாத்தியை அடையுமுன் மண்ணினுள் மறைந்துவிடும். ஆகவே நீரைத் தொட்டியொன்றிற் சேர்த்து, மாலையிலோ மறுநாட் காலையிலோ ஒருங்கே திறந்துவிடுதல் வேண்டும். 2.5 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் உள்ள தொட்டி 10,000 லீற்றர் கொள்ளும். சொட்டு நீர்ப்பாசனம் அமைப்போர் தொட்டியை நிலமட்டத்திற்கு மேல் உயர்த்திக் கட்டுதல் நன்று; நீரும் பாதியளவிற் குறையலாம்.

பற்றரியில் மின்னைச் சேமித்து இரவில் இறைக்க எண்ணுவோர் உளர். நீரிறைப்பிற்குப் பற்றரி வேண்டுவதில்லை. பற்றரி சில ஆண்டுகளில் வலுவிழந்து மாற்றவேண்டியதாகும். நன்றாகக் கட்டிய தொட்டியோ பல்லாண்டு நிற்கும்.

பம்பி இருவகைப்படும். பலகை தரும் நேரோட்ட மின்னால் நேரே இயங்குவது ஒரு வகை; சிறு தோட்டங்களுக்கு இதுவே ஏற்றது. ஏற்கெனவே உள்ள ஆடலோட்டப் பம்பியை இயக்குவதாயின், இடையே இன்வேர்ட்டர் என்னுங் கருவி தேவைப்படும். அதற்குப் பலகைகளும் கூடுதலாக வேண்டும். நிலத்தின்மேல் வைக்கும் பம்பி 7 மீற்றர் ஆழத்திற்கு அப்பாலிருந்து நீரை உறிஞ்ச இயலாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே செல்லுமாயின், நீரினுள் அமிழ்த்தும் பம்பியையே தெரிவுசெய்க.

கிணற்றினுள் மிதவை ஆளியொன்றை அவசியம் பொருத்துதல் வேண்டும். நீர் குறித்த மட்டத்திற்குக் கீழே தாழ்ந்ததும் அது பம்பியைத் தானே நிறுத்தும். பம்பி வறிதே சுழன்று எரிவதையும் அது தடுக்கும்; கிணற்றிற்கு எல்லையும் வகுக்கும். தொட்டி நிரம்பியதும் நிறுத்துவதற்கு மற்றொரு மிதவை ஆளி வேண்டும்.

8. பலகையை நிறுவுதல்

நமது நாடு பூமத்திய கோட்டிற்கு வடக்கே 6 முதல் 10 பாகை வரையில் அமைந்துள்ளது. ஆகவே பலகையைத் தெற்கு நோக்கி, ஏறத்தாழ 10 பாகை சாய்வாக அமைத்தல் வேண்டும். ஒரு மீற்றர் நீளத்திற்கு 17 சென்ரிமீற்றர் உயர்த்தினால் இச்சாய்வு கிடைக்கும். முற்றாகப் படுக்கையாக வைத்தால் மழைநீர் தேங்கித் தூசு படியும்.

காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை பனை, தென்னை, வேம்பு, பூவரசு ஆகியவற்றின் நிழல் விழாத இடத்தைத் தெரிவுசெய்க. இன்று சிறிதாயுள்ள வேலிக்கதியால் நாளை வளர்ந்து நிழல் தரும் என்பதையும் எண்ணுக.

தாங்கிகளின் அடியைக் கொங்கிறீற்றில் ஊன்றிச் சட்டத்தை ஆணித்தரமாக முடுக்குதல் வேண்டும். விரிந்த பலகை காற்றிற் பாய்போல் இழுக்கப்படும். 1978 ஆம் ஆண்டு நவெம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அறிந்தோர் இதனை அசட்டை செய்யார். ஒக்ரோபர், நவெம்பர் மாதங்களில் இடிமின்னல் மிகுதியாகையால், சட்டத்தைப் புவியுடன் தொடுத்தலும் அவசியம்.

9. பராமரிப்பும் பாதுகாப்பும்

தூசும் காகத்தின் எச்சமும் பலகையிற் படிந்தால் மின் குன்றும். கோடையில் இரு கிழமைக்கு ஒருமுறை, அதிகாலையில் பலகை குளிர்ந்திருக்கும்போது, மென்மையான துணியாலும் சுத்தமான நீராலும் துடைத்தல் வேண்டும். நண்பகலிற் கொதிக்கும் கண்ணாடியிற் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். சுண்ணாம்புப் பாங்கான கிணற்று நீர் உலர்ந்தால் வெண்படிவை விடும். ஆதலால் இயலுமாயின் மழைநீரையே பயன்படுத்துக. இல்லாவிடின் ஈரத்தை உடனே துடைத்து உலர்த்துக. மணலாலோ தும்பாலோ தேய்த்தலாகாது. பலகைமேல் ஏறி நிற்றலும் ஆகாது. கண்ணாடி உடையாவிடினும் உள்ளேயுள்ள வில்லைகள் வெடிக்கும்.

இயந்திரத்தை நிறுத்துவதுபோற் பலகையை நிறுத்த முடியாது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்குஞ் சொல்லிவைத்தல் வேண்டும். ஒளி இருக்கும்வரை அதில் மின் உண்டு. பல பலகைகளைத் தொடராக இணைத்தவிடத்து மின்னழுத்தம் உயிரைப் போக்கும் அளவினதாகும். பம்பி ஓடும்போது கம்பியின் பொருத்துகளைப் பிடுங்கினால் நெருப்புப்பொறி எழும். முதலில் ஆளியை அணைத்து, பலகையைத் தடித்த படங்கினால் மூடிய பின்னரே கம்பியைத் தொடுக. பழுது பார்ப்பதைப் பயிற்சி பெற்ற மின்வினைஞரிடம் விடுக.

10. குடாநாட்டுக் கிணறுகளுக்குரிய எச்சரிக்கை

இதுவரை கூறியவை எல்லா மாவட்டங்களுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் ஏனைய கரையோரங்களிலும் தோட்டஞ் செய்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகின்றது. அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்றாகும்.

நன்னீர் உவர்நீரை விடப் பாரங் குறைந்தது. இவற்றின் பாரத்தை ஒப்பிட்டு வகுத்த கணக்கின்படி, கடல்மட்டத்திற்கு மேல் நிற்கும் ஓர் அடி நன்னீருக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு. இதன் மறுபக்கத்தையும் எண்ணுக. நீர்மட்டம் ஓர் அடி நிலையாகத் தாழுமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும். ஒரே கிணற்றில் விரைவாகவும் மிகுதியாகவும் இறைக்கும்போது, அக்கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் எழுந்து நிற்கும். எழுந்த உவர் எளிதில் இறங்குவதில்லை. ஒருவர் அளவின்றி இறைத்தால் அயலவரின் கிணறுங் கெடும். ஏனெனிற் கிணறுகள் வேறு வேறாயினும் நிலத்தடி நீர் ஒன்றே.

நீரின் உவர்த்தன்மையை நாவினால் அறியுமுன் பயிர் அறிந்துவிடும். அதனை மின்கடத்துதிறன் மானியால் அளப்பர். பாசன நீரின் அளவு மீற்றருக்கு 0.8 டெசிசீமனைத் தாண்டினால் வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும். மிளகாய்க்கு இவ்வெல்லை 1.0, பீற்றூட் 2.7 வரை தாங்கும். கோடையில் மாதத்திற்கு ஒருமுறை நீரைப் பரிசோதித்து அளவைக் குறித்துவருதல் வேண்டும். எண் ஏறிவருமாயின், அது கிணறு தரும் முன்னறிவித்தலாகும். உடனே இறைப்பைக் குறைத்து, பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு இட்டு, சொட்டு நீர்ப்பாசனத்திற்கு மாறுக.

11. நெற்செய்கையாளருக்கு ஒரு குறிப்பு

பலகையின் செலவு ஒருமுறைதானே எனக் கருதி, கிணற்று நீரைக் கொண்டு சிறுபோக நெல் முழுவதையும் விளைவிக்க முயலலாகாது. ஓர் ஏக்கர் வயலில் நாளொன்றிற்கு 10 மில்லிமீற்றர் நீர் குறையுமாயின், அதனை ஈடுசெய்ய 40,000 லீற்றர் வேண்டும். பலகை அதனை இறைக்கும். ஊற்று அதனைத் தாங்காது. நாற்றுமேடைக்கும், காலபோகத்தில் மழை பொய்த்துக் கதிர் வெளிவரும் தறுவாயில் பயிரைக் காப்பதற்கும் சூரியப் பம்பி மிகவும் உதவும். சிறுபோகத்திற் கிணற்று நீரைப் பயறு, உழுந்து, கௌபி, மரக்கறி முதலிய நீர் குறைந்த பயிர்களுக்குப் பயன்படுத்துதலே இலாபகரமானது.

இறைப்பில்லாத நாட்களிற் பலகையின் மின் வீணாகின்றதே என வருந்துவோர், இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள துண்டி என்னுங் கிராமத்தை நோக்கலாம். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் உதவியுடன், அங்குள்ள விவசாயிகள் சிலர் 2016 ஆம் ஆண்டிற் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். வேண்டிய அளவு நீரிறைத்தபின் எஞ்சும் மின்னை மின்வலையமைப்பிற்கு விற்கின்றனர். மிகுதி மின்னுக்கு விலை கிடைப்பதால் மிகுதி நீரை இறைக்கவேண்டிய எண்ணம் அவர்களுக்கு எழுவதில்லை.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. கோடையிற் கிணற்றின் ஊற்றை அளந்தபின்னரே பலகைக்கு விலை பேசுக.
2. பயிரின் தேவை, கிணற்றின் ஊற்று ஆகிய இரண்டில் எது குறைவோ, அதற்கேற்ற பம்பியையும் பலகையையும் வாங்குக.
3. பற்றரிக்குச் செலவிடும் பணத்தைத் தொட்டிக்குச் செலவிடுக.
4. மிதவை ஆளி இல்லாத சூரியப் பம்பியைக் கிணற்றில் இறக்கற்க.
5. நிழல், தூசு, வெப்பம் ஆகிய மூன்றும் பலகையின் பகைகள்.
6. ஒவ்வொரு காலையிலும் நீர்மட்டத்தைக் கிணற்றுக் கட்டிற் பார்க்க. முதல்நாட் குறியை நீர் எட்டாவிடின், அன்று வெயில் எவ்வளவு நன்றாக எறித்தாலும் இறைப்பைக் குறைக்க.

கணக்கிடுவதில் ஐயமுடையோர், தம் கிணற்றின் குறுக்களவு, ஆழம், ஒரு மணித்தியாலத்தில் நீர் உயர்ந்த அளவு, பயிர்செய்யும் பரப்பு ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு, தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறியலாம். ஒரு போத்தலிற் கிணற்று நீரையும் கொண்டுசெல்லுதல் நன்று.